ஒரு பெயர் மட்டும் மங்கல்

புரொஜெக்டர் வயரைப் பிடுங்கி, முனையை வாயால் ஊதி, மறுபடி செருகினாள் யசோதினி. எதிரே கட்டியிருந்த வெள்ளைச் சீலையில் கரு நீலம் விரிந்தது. அதன் நடுவில் வெள்ளை எழுத்தில் ஒரு பெயர் எழுந்தது.

சர்மிலா.

இன்னும் மங்கல்தான்.

மண்டபத்துக்குள் சனம் வரத் தொடங்கிவிட்டது. வெளிச்சம் வராமல் சன்னல்களில் தறப்பாள் கட்டியிருந்தார்கள். சுனாமிக் கூடாரங்களில் மிஞ்சிய அதே நீலத் தறப்பாள். வெளியே ஜெனரேட்டர் இருமிக்கொண்டிருந்தது. பின்வாங்கில், தலைமயிரை ஆமிக்காரர் போல ஒட்ட வெட்டிய இரண்டு பேர் சேட்டைக் காற்சட்டைக்கு வெளியே விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை யாரும் அழைக்கவில்லை. ஏன் வந்தீர்கள் என்று யாரும் கேட்கவுமில்லை.

தங்கராசா வண்ணக்கர் யசோதினியின் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். கோயில் நிர்வாகமும் இந்த மண்டபமும் இன்றைய கூட்டமும் அவர் பொறுப்பு. கோபம் வந்தால் அவருக்குக் குரல் உயராது, இறங்கும். இப்போது நன்றாக இறங்கியிருந்தது.

"புள்ள, மற்றப் பேரெல்லாம் பளிச்செண்டு கிடக்கு. இது மட்டும் ஏன் தேத்தண்ணிக்குள்ள ஊறின பாண் மாதிரிக் கிடக்கு?"

"பாக்கிறன் மாமா. கொஞ்சம் பொறுங்க."

"நான் பொறுப்பன். கடல் வந்த நேரம் பொறுக்காதே."

கடல் வந்து இன்றோடு ஐந்து வருடம். பெரியகல்லாற்றில் போனவர்களின் பெயர்களை முதலில் கல்லில் வெட்டிக் கடற்கரையில் நட்டார்கள். உப்புக்காற்று கல்லைத் தின்றது. இந்த வருடம் லண்டனிலும் கனடாவிலும் இருக்கும் ஊர்ப்பிள்ளைகள், பெயர்களை இன்டர்நெட்டில் போடச் சொன்னார்கள். அங்கே காற்று அடிக்காது என்றார்கள். கடல் வந்த அதே நேரத்தில் பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் எழ வேண்டும். ஊர் மண்டபத்தில் விளக்கேற்றும்போது அவர்கள் அங்கே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வேலை யசோதினியின் கடைக்கு வந்தது. பிரதான வீதியில் நான்கு கொம்பியூட்டர்களும் ஒரு போட்டோக்கொப்பி மெஷினும் உள்ள சின்னக் கடை. பக்கத்தை எழுதியவன் அவளோடு வேலை செய்யும் வினோஜன். நேற்று மாலை கடையில் ஒவ்வொரு பெயராகத் தட்டிப் பார்த்தாள். எல்லாம் கண்ணாடி போல இருந்தன, சர்மிலாவும்தான்.

இங்கே, வண்ணக்கருக்கு மகன் கனடாவிலிருந்து அனுப்பிய லப்டொப்பில், அந்த ஒரு பெயர் மட்டும் பாசி பிடித்துக் கிடந்தது.

வேறு எந்தப் பெயர் என்றாலும் யசோதினி இப்படி வியர்த்திருக்கமாட்டாள். சர்மிலா அவளுடைய கணவன் கிரிசாந்தின் தங்கை. கடல் வந்த அன்று வாசலில் பல் துலக்கிக்கொண்டு நின்றவள். உடல் கிடைக்கவில்லை. வீட்டோடு படங்களும் போய்விட்டன. தாய் சீதேவிப்பிள்ளைக்கு மகளென்று காட்ட மிஞ்சியிருப்பது அந்தப் பெயர் மட்டும். அதைக் கல் ஒருமுறை இழந்துவிட்டது. சீலையிலாவது முழுதாக எழ வேண்டும். மாமியார் அதை ஒருதரம் தெளிவாகப் பார்க்க வேண்டும். யசோதினிக்கு இன்றைய நாளில் வேறு ஆசை எதுவும் இல்லை.

அவளால் அதற்குமேல் எதுவும் செய்யவும் முடியாது. பெயர்கள் குடி குடியாக, தாய்வழி வம்ச வரிசையில், வரும். பிள்ளைக்குத் தாயின் குடி. பெயர் எழும்போது அந்தக் குடிப் பெண்கள்தான் எழுந்து விளக்கேற்ற வேண்டும். இன்னொரு குடிப் பெண் எழுந்தால் ஊர் ஒருமாதிரிப் பார்க்கும். யசோதினி குருக்கள்மடத்துப் பெண், வேறு குடி. சர்மிலாவுக்கு விளக்கேற்ற அவளுக்கு முறையில்லை.

குனிந்து வேலையைத் தொடங்கினாள்.

எழுத்து மங்கினால் முதலில் அளவைப் பார்க்க வேண்டும். லப்டொப் ஒரு கணக்கில் புள்ளி வைக்கும், புரொஜெக்டர் இன்னொரு கணக்கில் வைக்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எழுத்தின் ஓரம் கரையும். இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தாள். மற்றப் பெயர்கள் இன்னும் கூர்மையாயின. சர்மிலா அப்படியே இருந்தது.

பிரவுசரில் பக்கம் பெரிதாக்கிக் கிடக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. எழுத்தின் ஓரங்களுக்கு விண்டோஸ் மெருகு போடும் வசதியை நிறுத்தினாள், போட்டாள், மறுபடி நிறுத்தினாள். பயனில்லை. இந்தப் பக்கம் தன் தமிழ் எழுத்துருவைத் தானே இன்டர்நெட்டிலிருந்து இறக்கிக்கொள்ளும். அது வந்துசேராவிட்டால் பிரவுசர் கையில் கிடைத்த எழுத்தை இரண்டுமுறை பதித்துத் தடிப்பாகக் காட்டும், அப்போதும் மங்கும். பார்த்தாள். எழுத்துரு ஒழுங்காக வந்திருந்தது. பிரவுசரை மாற்றினாள். அதிலும் அதே பாசி.

வண்ணக்கர் தன் சால்வை நுனியால் புரொஜெக்டரின் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். முன்வரிசையில் இருந்த கண்ணகை, அவளுக்கு எதிலும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், பக்கத்திலிருந்தவளிடம் உரக்கவே சொன்னாள்:

"அந்தப் பெட்டிக்கும் ஒரு கண்ணாடி வாங்கிக் குடுக்கச் சொல்லுகா."

சிரிப்பு எழுந்து அடங்கியது. யசோதினி கைத்தொலைபேசியை எடுத்து வினோஜனை அழைத்தாள். நிறுத்தி வைத்திருந்தான். அவன் வீட்டுக்கு எடுத்தாள். பக்கத்தை எழுதியவன், இந்த நாளில், விடியவே மண்முனையில் வாவியைக் கடந்து கொக்கட்டிச்சோலைக்குத் தமக்கை வீட்டுக்குப் போய்விட்டான் என்று அவனுடைய வீட்டார் சொன்னார்கள்.

ஏன் போனான்?

ஐப்பசியில்தான் அவன் வவுனியா முகாமிலிருந்து வந்திருந்தான். கிரிசாந்தும் அவனும் ஒன்றாகத்தான் வன்னிக்குப் போனார்கள். ஒரு நிவாரண அமைப்பின் லொறிக்குக் கிரிசாந்த் சாரதி, வினோஜன் அலுவலகக் கொம்பியூட்டருக்கு. போன பிறகு பாதை மூடியது. யுத்தம் அவர்களைச் சுற்றி இறுகி, வைகாசியில் முடிந்தது. முகாமிலிருந்து திரும்பியவன் எலும்பாக இருந்தான். கிரிசாந்தைக் கண்டாயா என்று கேட்டபோது, விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டு, காணவில்லை என்றான். யசோதினி இரண்டாம் முறை கேட்கவில்லை.

போகும் அன்று கிரிசாந்த் போட்டிருந்தது வெளிர் நீலச் சேட்டு. பேனா கசிந்து பொக்கற் பழுதாகிப்போனதால், அவள் தன் இரவிக்கை மிச்சத்தில் சிவப்புத் துணி வெட்டி வைத்துத் தைத்திருந்தாள். செக்பொயின்றில் இருப்பவன் என்னைத் தபால்பெட்டி என்று நினைத்துக் கடிதம் போடப்போகிறான் என்று அவன் பகிடி பண்ணினான்.

அவன் திரும்பி வருவான் என்று ஊர் பேசிக்கொண்டது. யசோதினியின் நெற்றியில் பொட்டு இருந்தது. ஊருக்கு அது போதும்.

வாசலில் சலசலப்பு. சீதேவிப்பிள்ளை வந்துவிட்டாள். வெள்ளைச் சீலை, கையில் ஒரு துணிப்பை. தன் குடிப் பெண்களின் வரிசையில் உட்காருமுன் நேராகத் திரைக்கு முன்னால் வந்தாள். மங்கிக் கிடந்த பெயரை அண்ணாந்து பார்த்தாள். யசோதினிக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போலிருந்தது.

"மாமி, இப்ப சரி பண்ணிருவன். எங்கயோ ஒரு சின்னப் பிழை."

"கிடக்கட்டும் புள்ள."

"இல்ல மாமி, மற்றாக்கள்ற பேரெல்லாம் தெளிவாக் கிடக்கு."

"எனக்கு இது காணும். நீ ஒண்டையும் கழுவித் துடைக்காத. இப்பிடியே விடுகா."

சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். துணிப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

யசோதினி திகைத்துப்போனாள். கல்லில் எழுத்துக் கரைகிறது என்று ஒவ்வொரு வருடமும் வண்ணக்கரோடு சண்டை பிடித்தவள் இவள்தான். இவளா விடச் சொல்கிறாள்?

விட முடியவில்லை. வயதான மனுசி, தனக்காக மருமகள் கஷ்டப்படக்கூடாது என்று சொல்கிறாள் என நினைத்தாள். மாமியார் கொஞ்சநாளாகவே அப்படித்தான் எதற்கும் சரி என்று போய்க்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் ஒவ்வொரு மாலையும் கடைக்கு வந்து கதவில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு கேட்பாள், ஏதும் வந்ததா என்று. யசோதினி திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், இல்லை மாமி என்பாள். அவ்வளவுதான் அவர்கள் கிரிசாந்தைப் பற்றிப் பேசுவது. இப்போது மாலையில் வருகிறாள், வாங்கில் உட்காருகிறாள், தேத்தண்ணீர் குடிக்கிறாள். கேட்பதில்லை.

யோசி, என்று தனக்கே சொன்னாள் யசோதினி. எழுத்துருவில் பிழை என்றால் எல்லாப் பெயரும் மங்க வேண்டும். இந்தச் 'ச' மற்றப் பெயர்களில் தெளிவாக இருக்கிறது. இந்த 'லா'வும் அப்படித்தான். ஆகவே எழுத்து அல்ல.

அடுத்த பெயர் சின்னத்தங்கம். இரண்டு பெயரையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்த்தாள்.

சர்மிலா பளிச்சென்று எழுந்தது. சின்னத்தங்கம் மங்கியது.

 பிழை பெயரிலும் இல்லை. இடத்தில் இருக்கிறது.

பழையபடி மாற்றிவைத்தாள். பிறகு, கூட்டம் பார்க்காதபடி புரொஜெக்டரின் கண்ணாடியைக் கையால் மறைத்துக்கொண்டு, லப்டொப்பில் சர்மிலா என்ற பெயரை அழித்தாள்.

பெயர் போனது. மங்கல் போகவில்லை.

கரு நீலத்தில், அதைவிட ஒரு இழை வெளுத்த நீலத்தில், என்னவோ கிடந்தது. வெள்ளை எழுத்து மேலே இருந்தவரை அதன் ஓரத்தில் பாசியாகத் தெரிந்தது இதுதான்.

அப்படியானால் நேற்றுக் கடையில் ஏன் தெரியவில்லை?

கேள்வி எழுந்த கணமே விடை அவளுக்குத் தெரிந்தது. கடையில் எந்தக் கொம்பியூட்டரிலும் படங்கள் வராது. எழுத்து மட்டும் வரும்படி பிரவுசரில் அவளே நிறுத்தி வைத்திருந்தாள். பையன்கள் முணுமுணுப்பார்கள். லைன் மெதுவு என்று காரணம் சொல்வாள். இந்த லப்டொப்பில் படங்கள் வருகின்றன. ஆகவே இது எழுத்தல்ல, படம். பெயருக்கு அடியில் ஒரு படத்தை விரித்து வைத்திருக்கிறான் வினோஜன். அவள் கடையிலேயே பார்ப்பாள், கடையில் படம் வராது, ஆகவே அவள் கண்ணில் படாது என்று கணக்குப் போட்டிருக்கிறான்.

கண்ணாடியிலிருந்து கையை எடுக்காமலே படத்தைத் தனியாகத் திறந்தாள். வெறும் கரு நீலச் சதுரம். வெளிச்சத்தைக் கூட்டினாள். நீலம் சாம்பலானது. இன்னும் கூட்டினாள். சாம்பலில் இருந்து எழுத்துகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன, வாவியில் அமிழ்ந்த வலை மேலே வருவதுபோல.

கிரிசாந்த்.

அவ்வளவுதான். தேதி இல்லை, ஊர் இல்லை. தங்கையின் பெயருக்கு அடியில் அண்ணன்.

யசோதினியின் விரல் அப்படியே நின்றது. ஜெனரேட்டர் சத்தம் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது.

கடலோடு போனவர்களுக்கு விளக்கேற்ற அனுமதி கேட்டால் கிடைக்கும். வைகாசியில் யுத்தத்தோடு போனவர்களுக்கு அப்படிக் கேட்கவே ஒருவருக்கும் துணிவில்லை. பின்வாங்கில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பது அவர்களுக்கு யாரும் ஏற்றுகிறார்களா என்று பார்க்கத்தான். ஒரு தாய்க்கு இரண்டு பிள்ளைகள், இரண்டுக்கும் ஒரே குடி. ஒன்றின் பெயருக்கு அடியில் மற்றதை வைத்தால் முறையும் தவறாது, யார் கண்ணிலும் படாது. வினோஜனுக்கு இப்படியெல்லாம் யோசனை ஓடாது. இது எழுத்து வேலை தெரிந்தவனின் யோசனை அல்ல. குடி முறை தெரிந்த ஒருத்தியின் யோசனை.

ஒண்டையும் கழுவித் துடைக்காத.

வினோஜன் வந்தது ஐப்பசியில். மாமி கேட்பதை நிறுத்தியதும் ஐப்பசியில்.

யசோதினி மெல்லத் தலையைத் திருப்பினாள். சீதேவிப்பிள்ளை அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் துணிப்பை. அதன் வாயால் ஒரு விளக்கின் பித்தளை விளிம்பு தெரிந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று.

"என்ன புள்ள, பிழை ஆப்பிட்டுதா?" வண்ணக்கர் அவசரப்பட்டார்.

இப்போது அவளால் சரிசெய்ய முடியும். ஒரு வரியை அழித்தால் போதும். சர்மிலா தெளிவாக எழுவாள். ஐந்து வருடம் காத்திருந்த பெயர், காலையிலிருந்து அவள் போராடிய பெயர். அடியில் இருப்பவன் போய்விடுவான்.

படத்தை மூடினாள். அழித்த பெயரைத் திரும்ப எழுதினாள். எல்லாம் முன்பிருந்தபடி. பிறகுதான் கண்ணாடியிலிருந்து கையை எடுத்தாள்.

"ஆப்பிடல்ல மாமா. அது அப்பிடித்தான் வரும்."

வண்ணக்கர் ஒரு பெருமூச்சு விட்டார். ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஒழுங்கு சொன்னார்: பெயர் வரும்போது அந்தந்தக் குடிப் பெண்கள் வந்து ஏற்றலாம், மற்றவர்கள் இருந்த இடத்தில் நிற்க வேண்டும், புருசனுக்கு ஏற்றும் பெண்சாதி மட்டும் குடி பார்க்கத் தேவையில்லை. ஒவ்வொரு வருடமும் சொல்வதுதான்.

கடல் வந்த நேரம் வந்தது. கோயில் மணி அடித்தது.

யசோதினி தட்டத் தட்டப் பெயர்கள் எழத் தொடங்கின. ஒவ்வொன்றுக்கும் ஒரு தாய், ஒரு தங்கை, ஒரு பேர்த்தி முன்னால் போனார்கள். விளக்குகள் திரைக்குக் கீழே வரிசையாகக் கூடின. கண்ணகை தன் இரண்டு பேருக்கும் ஏற்றிவிட்டு, சீலைத்தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு திரும்பினாள். 

சர்மிலா என்று எழுந்தது. மங்கலாக.

சீதேவிப்பிள்ளை தனியாகப் போனாள். நிலத்தில் குந்தி, பையிலிருந்து முதல் விளக்கை எடுத்து ஏற்றினாள். பிறகு பின்வாங்கைப் பார்க்காமல், சீலைத்தலைப்பின் மறைவில் இரண்டாவதை எடுத்து, முதலாவதோடு ஒட்டி வைத்தாள். ஒரே விளக்குப் போலத் தெரிய வேண்டும் என்று.  திரி பிடிக்கவில்லை. நெருப்புக்குச்சி அணைந்தது. இன்னொன்று கிழித்தாள். அதுவும் அணைந்தது.

யசோதினி லப்டொப்பை விட்டு எழுந்தாள்.

மண்டபம் பார்த்தது. வேறு குடிப் பெண் ஒருத்தி நடு மண்டபத்தைக் கடந்து போகிறாள். வண்ணக்கர் ஒலிவாங்கியில் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவருடைய கண் திரைக்கும் அவளுக்குமாக ஒருமுறை போய் வந்தது. வாயை மூடிக்கொண்டார். ஒலிவாங்கியை நிறுத்திவிட்டார்.

அவள் மாமியாரின் பக்கத்தில் குந்தினாள்.

"புள்ள, நீ இஞ்ச வரப்படாதுகா," என்றாள் சீதேவிப்பிள்ளை, உதடு அசையாமல். "இது எங்கட குடி. ஆக்கள் பாக்கிற."

"புருசனுக்கு எண்டா வரலாம் மாமி. வண்ணக்கர் இப்பதானே சொன்ன."

கிழவியின் கையிலிருந்த நெருப்புப்பெட்டி நிலத்தில் விழுந்தது. யசோதினி அதை எடுத்தாள். குச்சி கிழித்து, உள்ளங்கையால் காற்றை மறைத்து, இரண்டாவது விளக்கின் திரியில் வைத்தாள். பிடித்தது.

"வினோஜன் சொல்லிப்போட்டானா?"

"அவன் ஒண்டும் சொல்லல்ல."

சீதேவிப்பிள்ளை சுடரைப் பார்த்துக்கொண்டு பேசினாள். கிரிசாந்தைப் புதைத்து மண் போட்டது வினோஜன்தானாம். ஐப்பசியில் வந்து அவளுடைய காலில் விழுந்து சொன்னானாம். யசோதினிக்குச் சொல்லாதே என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கியது அவள்தானாம். தங்கையின் பெயருக்கு அடியில் அவன் பெயரை வைக்கச் சொன்னதும் அவள்தானாம்.

"உன்ர நெத்தியைப் பாத்துக்கொண்டு நான் எப்பிடிகா சொல்லுற? நீயாவது அவன் வருவான் எண்டு இருக்கட்டும் எண்டுதான்..."

  யசோதினி அவளுடைய கையைத் தன் மடிக்குள் எடுத்து வைத்துக்கொண்டாள். திரையில் அடுத்த பெயர் வரவில்லை. லப்டொப்பில் யாரும் இல்லை. அண்ணனும் தங்கையும் ஒருவர்மேல் ஒருவர் கிடந்த அந்த மங்கல் அப்படியே நின்றது.

"நீங்க வருவான் எண்டு இருக்கட்டும் எண்டுதான் மாமி நானும் பொட்டு வச்சிருந்த."

சீதேவிப்பிள்ளை திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கு ஆனி மாசமே தெரியும். கடையில ஆரோ ஒரு பொடியன் செய்திப் பக்கத்தைத் திறந்து வச்சிட்டுப் போயிருந்த. லைன் மெதுவு. படம் முதல் மங்கலாத்தான் வந்த, மறுகா கொஞ்சம் கொஞ்சமாத் தெளியும். மணல்ல ஆக்கள் கிடந்தாங்க. ஒராளுக்கு நீலச் சேட்டு. நெஞ்சில சிவப்பா ஒண்டு. ரத்தம் எண்டுதான் முதல் நினைச்ச. அது சதுரமா இருந்திச்சி மாமி. நான் தைச்ச பொக்கற்."

விளக்கின் சுடர் ஒருமுறை படுத்து எழுந்தது.

"முகம் தெளிய முன்னம் நிப்பாட்டிப்போட்டன். அண்டையில இருந்துதான் கடையில படம் வாறல்ல."